புள்ளி ஆந்தையைப் படம் எடுக்க

பழைய புளியமரப் பொந்து, ஆலமரக் கிளை, மொட்டைப் பனை... புள்ளி ஆந்தையை இங்கெல்லாம் தேடுங்கள். சுமார் 21 செ.மீ. நீளம்தான், நிறமும் மரப்பட்டை போல. மரத்தடியில் வெள்ளை எச்சம் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள்.

சூரியன் மறைவதற்கு முந்தைய அரைமணி நேரம் அருமையானது. பொந்து வாசலில் அது வந்து உட்காரும்போது மஞ்சள் கண்ணில் வெளிச்சம் விழும். 400 மி.மீ. லென்ஸோடு தள்ளியே நில்லுங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, ஃபோகஸ் கண்ணில். இருட்ட இருட்ட ஐஎஸ்ஓவைக் கூட்டலாம், கைநடுக்கம் வரும் அளவுக்கு ஷட்டரைக் குறைக்காதீர்கள். தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களையே முறைத்தால் அதற்கு இடைஞ்சல் என்று பொருள், பின்வாங்கிவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். குரல் பதிவை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது, குறிப்பாக நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அது குஞ்சு பொரிக்கும் காலம்.

அப்புறம் படத் திருத்தம். ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுத்திருந்தால் நிழலைக் கொஞ்சம் தூக்கலாம். நாய்ஸை, அதாவது ஐஎஸ்ஓ கூடும்போது படத்தில் தெரியும் மணல்மணி போன்ற சொரசொரப்பை, பின்னணியில் மட்டும் குறையுங்கள். படம் முழுக்கக் குறைத்தால் இறகின் புள்ளிகள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். ஷார்ப்னஸ் கண்ணுக்கும் முகத்துக்கும் போதும். கண்ணின் மஞ்சளை மிகைப்படுத்த வேண்டாம், இயல்பிலேயே அது அழகு.

பகிரும்போது, எடுத்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஜிபிஎஸ் விவரத்தைப் படத்திலிருந்து நீக்கிவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும், மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.