கண், காது, மூக்கு வைத்த கதைகள்: படப்பிடிப்பு நினைவுகளைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மூத்த நடிகர் ஒரே சம்பவத்தை முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பார். முதல் பேட்டியையும் கடைசிப் பேட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மாற்றம் எல்லா இடத்திலும் பரவியிருக்காது. பெரும்பாலும் நான்கு மூட்டுகளில்தான் வீக்கம் தெரியும்: எத்தனை டேக், யார் சொன்ன யோசனை, முன்கூட்டியே தெரியுமா தெரியாதா, கடைசியில் வரும் 'பஞ்ச்'. மழை பெய்தது, ஷூ கடித்தது, ஜெனரேட்டர் நின்றது போன்ற சில்லறைச் செய்திகள் பழையபடியே கிடக்கும். அவற்றுக்கு யாரும் கைதட்டுவதில்லை, அதனால் அவை வளர்வதும் இல்லை.

எனவே கதை முழுவதையும் சந்தேகிப்பது வீண் வேலை. அந்த நான்கு மூட்டுகளை மட்டும் தொட்டுப் பார்த்தால் போதும். இதைச் செய்யாமல் விடும்போதும், தப்பாகச் செய்யும்போதும் நேரும் பிழைகள் கீழே.

'புளுகுகிறார்' என்று முடிவு கட்டுவது

முதல் தவறு இதுதான். சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. 1973-ல் அமெரிக்க செனட் குழு முன்பு, அதிபர் நிக்சனின் சட்ட ஆலோசகராக இருந்த ஜான் டீன், நிக்சன் பதவியிழக்கக் காரணமான வாட்டர்கேட் விவகாரம் பற்றி நினைவிலிருந்து மிக விரிவாகச் சாட்சி சொன்னார். அவர் விவரித்த உரையாடல்கள் சில ரகசியமாக டேப்பில் பதிவாகியிருந்தது பின்னால் தெரியவந்தது. உளவியலாளர் உல்ரிக் நைசர் 1981-ல் இரண்டையும் ஒப்பிட்டார். நடந்ததன் சாரம் சரியாகவே இருந்தது. யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதில் நிறையப் பிசகு இருந்தது. டீனின் சொந்தப் பங்கு நினைவில் பெரிதாகியிருந்தது. சத்தியம் செய்துவிட்டு நாட்டையே உலுக்கும் சாட்சி சொன்னவருக்கே இப்படியென்றால், மேடையில் மைக் பிடித்துச் சிரிக்க வைக்க வேண்டியவரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

'அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே' என்று நம்பிவிடுவதும் இதே தவறின் மறுபக்கம். 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே எப்படிக் கேட்டார்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் அதையே திரும்பக் கேட்டபோது 11 பேர் சொன்ன எந்த முக்கிய விவரமும் முதல் தாளோடு ஒத்துப்போகவில்லை. அவர்களில் பலர் தங்கள் நினைவை உறுதியாக நம்பினார்கள். குரலில் இருக்கும் உறுதி ஒரு சான்றே அல்ல.

நடிகர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்பது அவர்களுக்குத் தொழில். ஒவ்வொரு முறை சொல்வதும் ஒரு ஒத்திகை மாதிரிதான். சிரிப்பு வந்த வரி தங்கும், வராத வரி உதிரும். பத்தாவது முறை அவர் நினைவுகூர்வது சம்பவத்தை அல்ல, ஒன்பதாவது முறை சொன்னதை.

எண்ணை அப்படியே எழுதிவிடுவது

வீக்கம் முதலில் தெரிவது எண்ணிக்கையில். 1959-ல் வந்த 'சம் லைக் இட் ஹாட்' படத்தில் மர்லின் மன்றோ 'நான்தான், சுகர்' என்ற அளவேயுள்ள ஒரு வசனத்துக்கு எடுத்துக்கொண்ட டேக், சொல்பவரைப் பொறுத்து நாற்பதுகளில் தொடங்கி எண்பதைத் தாண்டுகிறது. 'தி ஷைனிங்' (1980) படத்தில் ஷெல்லி டுவால் பேஸ்பால் மட்டையோடு பின்வாங்கும் காட்சிக்கு 127 டேக் என்பது சாதனைப் பட்டியல் வரை போய்விட்டது. அந்தப் படத்தின் உதவி எடிட்டர் கார்டன் ஸ்டெயின்ஃபோர்த்தும், ஸ்டெடிகேம் (உடம்பில் மாட்டிக்கொண்டு ஆடாமல் படமெடுக்க உதவும் கருவி) இயக்கிய காரெட் பிரௌனும் அது 35-லிருந்து 45-க்குள் இருக்கும் என்கிறார்கள். அதுவும் அதிகம்தான். ஆனால் 127 அல்ல.

ஃபிலிம் காலத்துக் கதை என்றால் ஒரு பேனாவும் தாளும் போதும். 35 எம்எம் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. 1000 அடி மேகசின் (கேமராவில் ஃபிலிம் சுருளை வைக்கும் பெட்டி) சுமார் 11 நிமிடம் ஓடும். 400 அடி மேகசின் நாலரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது '2 நிமிடக் காட்சி, 100 டேக், சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது' என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டேக்குக்கு 180 அடி. ஒரு 1000 அடி மேகசினில் 5 டேக்தான் அடங்கும். 20 மேகசின் மாற்ற வேண்டும். டேக்குக்கும் டேக்குக்கும் இடையே மூன்றே நிமிடம் என்று வைத்தாலும் 100 டேக்குக்கு 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல். சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்திருக்க வழியில்லை. அதேபோல் 'ஒரே ஷாட்டில் 20 நிமிடம் பேசினேன்' என்றால், எந்தக் கேமரா, எத்தனை அடி மேகசின் என்று கேட்டாக வேண்டும். 1948-ல் ஹிட்ச்காக் 'ரோப்' படத்தை நீண்ட ஷாட்களாகவே எடுத்தபோது ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடத்தைத் தாண்டாததற்கு மேகசின் அளவுதான் காரணம்.

எண் பொய்யாக இல்லாமலே பெரிதாவதும் உண்டு. கிளாப் பலகையில் ஷாட் மாறினால் டேக் எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும். வைடில் 12, குளோசப்பில் 15, எதிர்க்கோணத்தில் 9 எடுத்திருந்தால் நடிகரின் உடம்புக்கு அது 36. 'அந்த சீன் 36 டேக்' என்று அவர் சொல்வது அவரளவில் நியாயம். 'அந்த ஷாட் 36 டேக்' என்று எழுதினால் தப்பு உங்களுடையது. ஒத்திகையையும் சேர்த்து எண்ணும் பழக்கமும் உண்டு. சீனா, ஷாட்டா, ரிகர்சலும் சேர்த்தா என்று மூன்று கேள்வி கேட்டாலே பாதி வீக்கம் வடிந்துவிடும்.

'அங்கேயே தோன்றியது' என்பதை ஒரே பொருளில் எடுத்துக்கொள்வது

ஸ்கிரிப்டில் இல்லாத வசனம் வேறு, டேக் ஓடும்போது பிறந்த வசனம் வேறு. முந்தைய இரவு ஹோட்டல் அறையில் யோசித்தது, மேக்கப் நாற்காலியில் இயக்குநரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கியது, ஒத்திகையில் வாய்தவறி வந்தது, கேமரா ஓடும்போது வந்தது ஆகிய எல்லாவற்றுக்கும் பேட்டியில் ஒரே பெயர்: 'ஸ்பாட்ல வந்தது.' 'டாக்சி டிரைவர்' (1976) படத்தில் கண்ணாடி முன்னால் ராபர்ட் டி நீரோ பேசும் வசனம் ஸ்கிரிப்டில் கிடையாது. பாத்திரம் கண்ணாடி பார்த்துப் பேசுகிறது என்ற குறிப்பு மட்டும் உண்டு. 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தில் வாள்வீரனை ஹாரிசன் ஃபோர்டு ஒரே குண்டில் சாய்ப்பது டுனீசியாவில் படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த முடிவு. வயிற்றுப்போக்கில் தவித்த ஃபோர்டுக்கு நீண்ட சவுக்குச் சண்டை ஆட முடியவில்லை. முன்னதில் ஸ்கிரிப்ட் விட்ட இடைவெளியை நடிகர் நிரப்பினார். பின்னதில் எழுதி வைத்த சண்டையையே மாற்றினார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதக்கூடாது.

'மிட்நைட் கவ்பாய்' (1969) படத்தில் ரோட்டைக் கடக்கும்போது டாக்சியை அறைந்து கத்தும் இடம் இன்னும் சுவாரசியம். நிஜ டாக்சி ஒன்று குறுக்கே வந்துவிட்டது, தான் பாத்திரமாகவே கத்தினேன் என்பது டஸ்டின் ஹாஃப்மன் சொல்வது. தயாரிப்பாளர் ஜெரோம் ஹெல்மன் இதை ஏற்கவில்லை. ஸ்கிரிப்டின் முதல் வரைவிலேயே டாக்சியை வைத்து ஒரு விவகாரம் இருந்தது. இப்படி முட்டிக்கொண்டால் இருவர் சொல்வதையும் பெயரோடு எழுதுவதுதான் முறை. ஒருவரை நீங்களே ஜெயிக்க வைக்காதீர்கள்.

ஒற்றைக் கேமராவில் எடுத்த படம் என்றால் படத்தையே சாட்சிக்கு இழுக்கலாம். 'திட்டமிடாமல் ஒருமுறைதான் வந்தது' என்ற வசனம் திரையில் இரண்டு எதிர்க்கோணங்களில் வெட்டி வெட்டி வந்தால், குறைந்தது இன்னொரு முறை திரும்பச் செய்திருக்கிறார்கள். வாயசைவோடு வசனம் பொருந்தாவிட்டால் அது டப்பிங்கில் புகுந்ததாகவும் இருக்கலாம்.

'அவருக்குத் தெரியாமலே எடுத்தோம்'

இந்தக் கதைக்கு எப்போதும் கிராக்கி. 'ஏலியன்' (1979) படத்தில் மார்பைக் கிழித்துக்கொண்டு ஜந்து வெளிவரும் காட்சியில் நடிகர்களுக்கு எதுவுமே தெரியாது என்பார்கள். காட்சி ஸ்கிரிப்டில் இருந்தது, படித்திருந்தார்கள். எவ்வளவு ரத்தம், எந்தத் திசையில் தெறிக்கும் என்பதுதான் தெரியாது. வெரோனிகா கார்ட்ரைட்டின் அதிர்ச்சி அதனால் வந்தது. 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் காட்சியில் ஜேனட் லீ அலறுவதற்காக ஐஸ் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் என்ற கதையை லீயே மறுத்திருக்கிறார், வெந்நீர்தான் என்று. கொஞ்சம் யோசித்தாலே போதும்: அந்தக் காட்சிக்கு ஏழு நாள் பிடித்தது. முதல் நாள் அதிர்ச்சி ஏழாம் நாள் வரை தாங்குமா?

அதற்காக வியப்பான கதை எல்லாமே கட்டுக்கதை என்று நினைப்பதும் பிசகு. 'தி டூ டவர்ஸ்' (2002) படத்தில் விகோ மார்டென்சன் தலைக்கவசத்தை உதைத்து இரண்டு கால்விரல்களை உடைத்துக்கொண்டதும், அந்த டேக்கே படத்தில் இருப்பதும் உண்மை.

பழைய செய்தி என்றால் உண்மை என்று எண்ணுவது

சம்பவம் நடந்த ஆண்டிலேயே அச்சான செய்தி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அதை எழுதியது யார்? 'காசபிளாங்கா' படத்தில் ரொனால்டு ரீகன் நடிக்கவிருந்தார் என்ற கதைக்கு ஆதாரம் 1942 ஜனவரியில் ஸ்டூடியோ விளம்பரப் பிரிவு விட்ட அறிவிப்பு. நடிகர்களின் பெயரைப் பத்திரிகையில் உயிரோடு வைத்திருக்க அன்றைய ஸ்டூடியோக்கள் இப்படி விடுவது வழக்கம். தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் தேர்ந்தெடுத்தது ஹம்ஃப்ரி போகார்ட்டை. படம் வெளியாகும் வாரத்தில் வந்த எந்த 'சுவையான தகவலையும்' இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

நம்பகமான தாள்கள் வேறு. கன்டினியூட்டி ஷீட்டில் ஒவ்வொரு டேக்கின் எண், நீளம், ஏன் என்ஜி (சரிவராத டேக்), எது ஓகே என்பது இருக்கும். தினசரி தயாரிப்பு அறிக்கையில் தொடங்கிய நேரம், செலவான அடி, காயம், தாமதம் எல்லாம் வரும். அன்றைக்கான அழைப்புத் தாளில் யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது இருக்கும். (நம் பேச்சில் 'கால்ஷீட்' என்றால் நடிகர் கொடுத்த தேதி, இங்கே சொல்வது அந்த நாளின் தாளை.) ஆனால் அழைப்புத் தாள் திட்டத்தைத்தான் சொல்லும். பெயர் இருப்பதாலேயே அவர் வந்தார் என்று ஆகாது. பெயர் இல்லாதவர் 'நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்' என்றால் மட்டும் ஒரு கேள்வி எழும்.

பஞ்சை வைத்துக்கொண்டு பின்னணியை வெட்டுவது

'மராத்தான் மேன்' (1976) படப்பிடிப்பில், பாத்திரத்துக்காகத் தூங்காமல் வந்ததாகச் சொல்லப்படும் ஹாஃப்மனைப் பார்த்து, உடன் நடித்த லாரன்ஸ் ஒலிவியே 'சும்மா நடித்துப் பார்க்கலாமே' என்றாராம். பாத்திரமாகவே வாழ வேண்டுமா, நடித்தால் போதுமா என்ற நடிப்புப் பள்ளிகளுக்கிடையிலான சண்டையாகவே இது உலகெங்கும் ஓடுகிறது. ஹாஃப்மன் பிற்பாடு விளக்கினார்: தூக்கம் கெட்டது பாத்திரத்துக்காக மட்டுமல்ல, சொந்த வாழ்க்கைச் சிக்கலில் இரவெல்லாம் கிளப்பில் கழித்ததால், ஒலிவியே அது தெரிந்துதான் கேலி செய்தார். வசனம் அதேதான், பின்னணி போனதும் பொருளே தலைகீழ்.

இன்று இந்த வெட்டு இன்னும் வேகம். ஒரு மணி நேரப் பேட்டியை ஐம்பது விநாடித் துணுக்காக்கும்போது முதலில் போவது 'எனக்கு ஞாபகம் சரியா இல்ல', 'யாரோ சொல்லக் கேட்டேன்', 'இருபதோ முப்பதோ' போன்ற தயக்கங்கள். வீங்கியது நடிகரின் வாயில் அல்ல, எடிட்டிங் டேபிளில்.

பேட்டி எடுக்கும்போது

கதையின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். 'அந்த 40 டேக் கதையைச் சொல்லுங்க சார்' என்று நீங்களே எண்ணை எடுத்துக் கொடுத்தால் அதற்குக் கீழே அவர் இறங்க மாட்டார். 'அந்த நாள் காலையில் எப்படித் தொடங்கியது?' என்று ஆரம்பியுங்கள். உள்ளரங்கமா வெளிப்புறமா, பகலா இரவா, கேமராவுக்குப் பக்கத்தில் யார், என்ன உடை என்று போனால் பழகிப்போன பல்லவியிலிருந்து அவர் வெளியே வருவார். 'நீங்களே பார்த்தீர்களா, பிறகு கேள்விப்பட்டீர்களா?' என்பதைப் பணிவாக, ஆனால் கட்டாயம் கேளுங்கள். அடுத்தவர் அனுபவம் நாளடைவில் தன் அனுபவமாகிவிடுவது சாதாரணம்.

படத்தின் காட்சியையோ ஸ்டில்லையோ பேட்டிக்கு முன்னால் காட்டுவது பெரிய பிழை. பிறகு அவர் சொல்வது எடிட்டர் வெட்டித் தந்த நினைவு. தாள்களையும் கடைசியில்தான் நீட்ட வேண்டும். பழைய சகாக்கள் இருவரை ஒன்றாக உட்கார வைத்தால் காட்சி களைகட்டும். ஆனால் ஒருவர் சொன்ன விவரம் மற்றவர் நினைவில் ஏறிவிடும். தனித்தனியாகப் பதிவு செய்த பிறகே சேர்த்து உட்கார வையுங்கள்.

எழுதும்போது ஒரு சம்பவத்துக்கு ஒரு அட்டவணை போடுங்கள்: சொன்ன ஆண்டு, யாரிடம், எண்ணிக்கை, யோசனை யாருடையது, உடனிருந்தவர்கள், கடைசி வரி. நாலைந்து பதிப்பு சேர்ந்ததும் எந்தக் கட்டம் மாறுகிறது, எது அசையவில்லை என்பது கண்ணுக்கே தெரியும். எல்லாப் பதிப்பிலிருந்தும் நல்ல வரிகளைப் பொறுக்கி ஒரே கதையாகத் தைக்காதீர்கள். அப்படி ஒரு கதையை அந்த நடிகர் ஒருநாளும் சொன்னதில்லை, நாளை அவரே அதைப் படித்துவிட்டுச் சொல்லத் தொடங்குவார். வேறு ஆதாரம் கிடைக்காவிட்டால் மிகப் பழைய பதிப்பை ஆண்டோடும் சொன்னவர் பெயரோடும் போடுங்கள். பிற்காலப் பஞ்சை அடுத்த வரியில் அதன் ஆண்டோடு சேர்த்துக்கொள்ளலாம். கதையில் திட்டு வாங்குபவர் காலமாகியிருந்தால், அவர் உயிரோடு இருந்தபோது அதே சம்பவம் பற்றி எங்காவது பேசியிருக்கிறாரா என்று தேடிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.