மலையேற்றத்தில் நின்றுபோகும் பழைய கார்: கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. லோயர் கேம்ப் வரை சமதளத்தில் எந்தக் குறையும் காட்டாமல் வந்த வண்டி, குமுளி மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் திணறத் தொடங்கி, நான்கைந்து வளைவுகளுக்குள் நின்றுவிடும். மறுநாள் பட்டறையில் பானெட்டைத் திறந்தால் இன்ஜின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் இந்தக் குறை வெளிப்படாது என்பதால், பிளக், அதற்கு உயர் வோல்டேஜ் தரும் காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் செலவுதான் மிஞ்சும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வைத்த அம்பாசடர், மாருதி 800 போன்ற வண்டிகளில் அந்தச் செலவுக்கு முன் செய்து பார்க்க வேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

சும்மா ஓடும் இன்ஜினுக்குச் சொட்டுக் கணக்கில் பெட்ரோல் போதும். அதுவும் கார்புரேட்டரில் தனியாக உள்ள ஐடிலிங் வழியாக வருகிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மெயின் ஜெட் எனும் முக்கியத் துளை வழியாகப் பல மடங்கு பெட்ரோல் வேண்டியிருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடுவதால், பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு அதிக வோல்டேஜும் தேவைப்படுகிறது. ஆகவே சுமையில் நிற்கும் வண்டிக்குப் பெரும்பாலும் பெட்ரோல் பற்றவில்லை, அல்லது ஸ்பார்க் பற்றவில்லை. இரண்டில் எது என்பதை வண்டி நிற்கும் விதமே சொல்லிவிடும். பெட்ரோல் குறைந்தால் இழுவை மெல்ல மெல்லத் தளரும், வண்டி குலுங்கும், ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் கொஞ்சம் உயிர் வரும், நின்ற பின் பல முறை கிராங்க் செய்தால்தான் பற்றும். ஸ்பார்க் போனால் சாவியை அணைத்ததுபோல் ஒரே வெட்டாக நின்றுவிடும்.

சந்தேகம் இருந்தால், திணறத் தொடங்கியதும் சோக்கைப் பாதியளவு இழுத்துப் பார்க்க வேண்டும். சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. உடனே இழுவை திரும்பினால் பெட்ரோல் பக்கம்தான் குறை என்று உறுதி செய்துகொள்ளலாம். திணறல் கூடினால் ஸ்பார்க்கைப் பார்க்க வேண்டும், அல்லது பெட்ரோல் ஏற்கெனவே மிகையாகப் போகிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெட்ரோல் பக்கம் என்று தெரிந்தால், முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்ப் இழுக்க முடியாமல் போகிறது. அடுத்தது பெட்ரோல் ஃபில்டர். அதில் செம்பழுப்பாகத் துரு தெரிந்தால், ஃபில்டரை மாற்றுவது தற்காலிக நிவாரணம் மட்டுமே. டேங்கையே கழற்றிக் கழுவ வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடை இளக்கும், பழைய ரப்பர் ஹோஸ்களை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால், பழைய வண்டிக்காரர்கள் ஃபில்டரை முன்பைவிட அடிக்கடி பார்ப்பது நல்லது.

பம்பைச் சோதிக்க, காயிலுக்குப் போகும் சிறிய ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, கார்புரேட்டரில் சேரும் ஹோஸை ஒரு தகர டப்பாவுக்குள் விட்டு, இன்னொருவரைக் கிராங்க் செய்யச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. பெட்ரோல் துடித்துத் துடித்து, கெட்டியாகப் பீய்ச்ச வேண்டும். குமிழி கலந்து வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ ஹோஸில் வெடிப்பு இருக்கிறது. இந்தப் பகுதியில் பம்ப் உறிஞ்சுவதால், வெடிப்பின் வழியே காற்றுத்தான் உள்ளே போகும். பெட்ரோல் வெளியே கசிந்து காட்டிக்கொடுக்காது. வரத்து சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் மெயின் ஜெட்டைக் கழற்றிக் காற்றடிக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். சித்திரை வெயிலில் மட்டும் நின்று, பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் கிளம்பினால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது என்று பொருள். குழாய் சைலன்ஸர் பக்கம் ஒட்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பார்க் பக்கக் கோளாறில், சூடேறியதும் நின்று, இருபது நிமிடம் ஆறியதும் பற்றினால் காயிலின் மேல் சந்தேகப்படலாம். நின்ற உடனேயே ஒரு பிளக்கைக் கழற்றி, பாடியில் தொடவைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. நீலமாகச் சொடுக்கும் பொறி நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் காயில், கண்டென்சர், காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயிண்ட் மூன்றையும் பார்க்க வேண்டும். வண்டி ஆறிய பிறகு செய்யும் இந்தச் சோதனையால் பயனில்லை.

எங்கள் அம்பாசடர் இரண்டு மாதம் எங்களை ஏமாற்றியது. காயில் மாற்றினோம், பம்ப் மாற்றினோம். வளைவில் வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. நின்ற மறுகணமே ஸ்டார்ட் ஆனது என்பதை நாங்கள் கவனித்திருந்தும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் ஒரு நாள் ஐடிலிங்கில் ஓடவிட்டு, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்கம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினேன். இந்தக் குழாயின் உறிஞ்சல்தான் உள்ளே பாயிண்ட் பொருந்திய தட்டை அசைக்கிறது. இன்ஜின் பொட்டென்று அணைந்தது. மீண்டும் மீண்டும் செய்தும் அதே கதை. உள்ளே பாயிண்டுக்குப் போகும் விரல் நீள ஒயர், மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்து ஒன்றிரண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு ஆக்சிலேட்டரை விடுவதும் அழுத்துவதுமாக இருப்பதால் பாயிண்ட் பொருந்திய தட்டு ஓயாமல் அசைகிறது. சமதளத்தில் சீராகப் போகும்போது அந்த அசைவு குறைவு. அந்த ஒயரின் விலை, நாங்கள் மாற்றிய காயிலின் பெட்டிக்குக்கூடப் பெறாது.

இவை எல்லாம் சரியாக இருந்தால் சைலன்ஸர் உள்ளே இடிந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். வேகத்தைக் கூட்டக் கூட்டப் புகை வெளியேறுவது மட்டும் மந்தமாகவே இருக்கும். இன்ஜெக்ஷன் வண்டிகளில் பம்ப் டேங்குக்குள் இருப்பதாலும் சென்சார்கள் பல இருப்பதாலும் ஸ்கேனர் இல்லாமல் இறங்குவது வீண்வேலை.

பழுது பார்த்த பின் ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. முன்பு நின்ற அதே ஏற்றத்தில், அதே நண்பகல் வேளையில், அதே அளவு ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். போடிக்காரர்களுக்குப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் இதற்கென்றே போட்டதுபோல் இருக்கின்றன. ஒரு முறைக்கு ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, கழற்றிய பாகத்தை டிக்கியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மேலே போய்ச் சேர்வதற்குள் மீண்டும் நின்றால், அந்தப் பாகம் குற்றவாளியல்ல என்று தெரிந்து திரும்பவும் மாட்டிக்கொள்ளலாம்.