எட்டுப் பிள்ளைகளில் 25 சதவீதம்: தொடக்கப் பள்ளிக் கணக்கைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமங்கலம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தபோது, ஒரு கூட்டத்தில் எழுந்து, "மூன்றாம் வகுப்பில் வாசிப்பு 25 சதவீதம் இறங்கிவிட்டது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். தலைமையாசிரியை பதில் சொல்லாமல் பதிவேட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்து வைத்தார்.

வகுப்பில் எட்டே பிள்ளைகள். முந்தின வருடமும் எட்டுப் பேர்தான். அப்போது ஆறு பேர் தடங்கலில்லாமல் வாசித்தார்கள், இந்த வருடம் நாலு பேர். 75 என்பது 50 ஆயிற்று. நான் சரிவு என்று சொன்னது இரண்டு பிள்ளைகளை. ஒருத்தி, செங்கல் சூளைக்குப் போன பெற்றோரோடு மூன்று மாதம் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவள். இன்னொருவன் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு சேர்ந்தவன், வீட்டில் இந்தி பேசுகிறவன். அவன் அப்பாவுக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை.

சின்னப் பள்ளிக்குச் சதவீதம் போடுவதுதான் நாம் செய்கிற முதல் தவறு. எட்டுப் பேர் வகுப்பில் ஒரு குழந்தை என்றால் பன்னிரண்டரை சதவீதம். அதனால் தலைகளைத்தான் எண்ண வேண்டும். அதோடு, போன வருட மூன்றாம் வகுப்பும் இந்த வருட மூன்றாம் வகுப்பும் வேறு வேறு பிள்ளைகள். பள்ளி முன்னேறியதா என்று பார்க்க வேண்டுமானால், அதே குழந்தை ஜூனில் எங்கே இருந்தாள், மார்ச்சில் எங்கே இருக்கிறாள் என்று பாருங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் கைவர 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்தது அதற்குத்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால், அவளை ஒன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து கைபிடித்துக் கூட்டிவர வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அவளை மக்கு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

"நூறு சதவீதத் தேர்ச்சி" என்று மகிழ்வதும் வேண்டாம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. தொடக்கப் பள்ளியில் தேர்ச்சி விகிதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

வருகைச் சராசரியும் அப்படி ஏமாற்றக்கூடியதுதான். முப்பது பேர் பள்ளியில் 90 சதவீத வருகை என்றால், எல்லாரும் பத்து நாளுக்கு ஒரு நாள் வராமல் இருந்திருக்கலாம். மூன்று பேர் வருடம் முழுக்க எட்டிப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. மல்லிகைத் தோட்டம் இருக்கிற ஊர்களில் பூ எடுக்க அம்மா விடியுமுன்னே கிளம்பிவிடுவார். தம்பியைக் குளிப்பாட்டிக் கூட்டிவருகிற அக்காவுக்கு இரண்டாம் வகுப்புதான் ஆகியிருக்கும். அவள் தாமதமாக வருவதை "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. வெறும் வயிற்றோடு வருகிற குழந்தை என்ற ஒரே விஷயத்தை அது மாற்றியது. வீட்டு நிலைமை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இப்படி எத்தனை தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன!

அப்புறம் சாதிக் கணக்கு. இதில்தான் நம் பக்கத்தில் பெரிய தவறு நடக்கிறது. மாணவர் பட்டியலில் இன வாரியாக எண்ணிக்கை இருக்கும். அதைப் பார்த்ததும் "இந்தப் பிள்ளைகள் என்றால் இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கை உதவித்தொகைக்கும் ஒதுக்கீட்டுக்குமானது, குழந்தையின் புத்தியை அது அளப்பதில்லை. மாநிலக் கணக்கையும் மத்தியக் கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் சிக்கல்தான். நாம் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்று பிரிப்பதெல்லாம் அங்கே ஒரே தலைப்பில் அடங்கிவிடும். உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் பெயரைப் பார்த்து ஒரே சமூகத்துப் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

மாவட்ட அளவிலான தேசிய அடைவு ஆய்வு முடிவைத் தூக்கிக்கொண்டு நம் பள்ளிக்கு வரக் கூடாது. பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று சில பள்ளிகளை மாதிரியாக எடுத்துப் பார்க்கிற ஆய்வு அது. நம் பள்ளி அதில் இருந்ததா என்பதே கேள்வி.

ஆசிரியர் எண்ணிக்கையை மறந்துவிட்டு மதிப்பெண்ணை மட்டும் பேசுவது இன்னொரு தவறு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. 61 பேர் இருந்த பள்ளியிலிருந்து இரண்டு குடும்பம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றினால், மூன்றாவது பணியிடம் ஆட்டம் காணும். அப்புறம் ஐந்து வகுப்புக்கும் இரண்டே பேர். ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் ஒருவர்தான். இதைச் சொல்லாமல், பக்கத்துத் தனியார் பள்ளியோடு ஒப்பிட்டு ஆசிரியரைக் கேள்வி கேட்பது நியாயமே இல்லை. மாறிப்போனவர்கள் பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்கள், மாலையில் பக்கத்தில் உட்காரப் பெரியவர் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள். மிச்சம் இருப்பவர்களின் சராசரி அதனாலேயே கீழே தெரியும், கற்பித்தலில் எதுவும் மாறாமலேயே.

சரி, என்னதான் கேட்பது? அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஆசிரியரிடம் நேரம் வாங்கி உட்காருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்த மாதம் சேர்ந்தது, எத்தனை நாள் வந்தது, வீட்டில் என்ன மொழி, ஜூனில் எந்த நிலை, இப்போது எந்த நிலை, இந்த ஐந்தும் போதும். அறுபது பேர் பள்ளிக்கு ஒரு மாலை நேரம் பிடிக்கும். பெயரோடு இருக்கிற அந்தத் தாளைக் கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டாம். பின் வரிசையில் அந்தக் குழந்தையின் அம்மா உட்கார்ந்திருப்பார்.