நோன்பு நாளில் வலி மாத்திரை: சமய விதியும் மருந்தின் அளவும்

மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய வலி நிவாரணிகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று பாரசிட்டமால், மற்றொன்று ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், நாப்ராக்சென் போன்ற, வலியோடு வீக்கத்தையும் குறைக்கும் மருந்துகள். சமய ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பவருக்கு இவற்றில் எழும் கேள்விகளும் பெரும்பாலும் இரண்டுதான்: எந்த நேரத்தில் விழுங்கலாம், உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது. இவற்றுக்கான விடையை வலி வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மண்டையைப் பிளக்கும் வலியோடு இருப்பவர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்துகளைப் பொறுமையாகப் படிக்கமாட்டார்.

முதலில் அளவைப் பார்ப்போம். பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி. வரை, இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம், கூடுமானால் 6 மணி நேரம், 24 மணி நேரத்தில் மொத்தம் 4000 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், பல நாட்களாகச் சரியாக உண்ணாதவர்களுக்கும் இந்த உச்சவரம்பு இன்னும் குறையும் என்பதால், அவர்கள் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும். ஐபுப்ரோஃபென் ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.கி.; மருத்துவர் ஆலோசனை இல்லாமல் எடுப்பவர்களுக்கு நாளுக்கு 1200 மி.கி. எல்லை. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் தரக் கூடாது. ரை நோய்க்குறி என்ற அரிதான, ஆனால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்து அதனோடு தொடர்புடையது.

பகல் முழுவதும் உணவும் நீரும் இல்லாத ரமலான் நோன்பில், மாத்திரைக்குக் கிடைக்கும் நேரம் மாலையில் நோன்பு திறப்பதிலிருந்து ஸஹர் என்ற விடியலுக்கு முந்தைய உணவு முடியும் வரைதான். தவறு நடப்பது இந்த இடைவெளியில்தான்: பகலில் விட்டுப்போன வேளைகளையும் சேர்த்து இரவுக்குள் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு, நாள் முழுக்கத் தாங்கட்டும் என்று ஸஹரில் இரட்டை அளவை விழுங்குபவர்களும் உண்டு. பாரசிட்டமாலின் பலன் 4 முதல் 6 மணி நேரம் வரைதான் இருக்கும். அளவை இரட்டிப்பாக்கினால் அந்த நேரம் இரட்டிப்பாகாது, கல்லீரலின் சுமைதான் கூடும். இரவு பத்து மணி நேரம் இருந்தால், நோன்பு திறந்து உண்டபின் ஒரு வேளை, ஸஹரில் ஒரு வேளை என்று நிறுத்திக்கொள்வதே சரியானது. விட்டுப்போன வேளையை விட்டுவிட வேண்டும்.

உண்ணா நோன்பு பாரசிட்டமாலை ஏன் பாதிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்த மருந்தின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. அதை உடனுக்குடன் செயலிழக்கச் செய்வது குளூட்டாதயோன் என்ற பொருள். ஒரு பகல் பட்டினியால் பெரிய மாற்றம் வந்துவிடாது. ஆனால் நாள்கணக்கில் உண்ணாதவர்களுக்கும், வாந்தியால் உணவு தங்காதவர்களுக்கும் அந்த இருப்பு குறைந்துபோவதால், வழக்கமான அளவே அவர்களுக்கு மிகையாகக்கூடும்.

ஐபுப்ரோஃபென் வகையின் சிக்கல் வேறு. வெறும் வயிற்றில் அது இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கும்; ஆகவே நோன்பு திறந்ததும் முதல் வாய்க்கே அதை விழுங்காமல், உணவு உண்டபின் ஒரு முழுக் குவளை நீரோடு எடுக்க வேண்டும். அடுத்தது சிறுநீரகம். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் தடையின்றிச் செல்ல உதவும் வேதிப்பொருட்களின் உற்பத்தியை இம்மருந்துகள் தடுத்துவிடுகின்றன. எனவே ஸஹரில் இதை விழுங்கிவிட்டு, வெயிலில் உழைத்து, மாலை வரை ஒரு துளி நீரும் அருந்தாமல் இருப்பது நல்லதல்ல. முதியவர்களும், இரத்த அழுத்த மாத்திரையோ சிறுநீர் பெருக்கியோ எடுப்பவர்களும் நீரற்ற நோன்பு நாட்களில் இவ்வகையைத் தவிர்ப்பதே மேல். கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் சொன்னாலன்றி, எந்த நாளிலும் கூடாது.

நோன்பின் தலைவலிக்குக் காரணம் பல வேளைகளில் காபியும் தேநீரும் திடீரென நின்றுபோவதுதான். கஃபீன் நின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அந்த வலி தொடங்கும். சுமார் 25 மணி நேரம் நீடிக்கும் யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பில் இது நன்கறிந்த தொல்லை. நோன்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாளுக்குச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால் மாத்திரையின் தேவையே பெரும்பாலும் எழாது. என் கணிப்பில் இதுவே எல்லாவற்றிலும் மலிவான, தீங்கற்ற வழி.

மருந்து எடுத்தால் விரதம் கெட்டுவிடும் என்ற அச்சம் சமய நூல்களில் உள்ளதைவிட மனிதர்களிடம்தான் மிகுதி. நோயுற்றவர் நோன்பை விட்டுவிட்டு வேறு நாளில் நிறைவேற்றலாம் என்பது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 184, 185ஆம் வசனங்களில் தெளிவாக உள்ளது. நீர், கிழங்கு, கனி, பால் ஆகியவற்றோடு மருந்தும் விரதத்தைக் குலைக்காது என்று மகாபாரதத்தின் உத்யோக பருவம் கூறுகிறது. நற்கருணை என்ற அப்பம் பெறும் சடங்குக்கு முந்தைய ஒரு மணி நேர உணவு விலக்கில் நீருக்கும் மருந்துக்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, 919ஆம் பிரிவில், விலக்களிக்கிறது. இருந்தும், லேசான தலைவலிக்கு இந்தச் சலுகை பொருந்துமா என்பதில் மரபுக்கு மரபு வேறுபாடு உண்டு. அதைத் தம் மரபில் கற்றறிந்தவரிடம் நோன்பு தொடங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். சூரியன் மறைந்தபின் உண்ணாத சமணர்களும், நண்பகலுக்குப் பின் உண்ணாத பௌத்தத் துறவிகளும் உணவோடு எடுக்க வேண்டிய மாத்திரையைப் பகல் உணவோடு வைத்துக்கொண்டால் போதும்.

மூட்டிலோ முதுகிலோ உள்ள வலிக்குத் தடவும் களிம்பு ஒரு நல்ல மாற்று. தோல் வழியாக உட்செல்லும் மருந்துகள் நோன்பை முறிப்பதில்லை என்று 1997இல் மொரோக்கோவின் காசாபிளாங்காவில் கூடிய இஸ்லாமியச் சட்ட, மருத்துவக் கருத்தரங்கு முடிவு செய்தது. டைக்ளோஃபினாக் களிம்பிலிருந்து இரத்தத்தில் சேரும் மருந்து மாத்திரையைவிட மிகக் குறைவு. ஆனாலும் அதே வகை மாத்திரையோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது, புண்ணான தோலில் தடவக் கூடாது.

இனி உட்பொருட்கள். கேப்சூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுக்கப்படுகிறது. மாத்திரைகளிலும் விலங்குக் கொழுப்பிலிருந்து வரக்கூடிய மெக்னீசியம் ஸ்டீரேட் இருக்கலாம். அதுவே தாவரத்திலிருந்தும் செய்யப்படுவதால், எதிலிருந்து வந்தது என்பதை உற்பத்தியாளரிடம்தான் கேட்க முடியும். தாவரக் கூழ்மத்தால் ஆன உறை கொண்ட கேப்சூல்களும், சாராயம் சேராத பாகு மருந்துகளும் கிடைக்கின்றன. உறையைப் பிரித்துத் தூளை மட்டும் விழுங்கும் பழக்கம் ஆபத்தானது: மெல்ல மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட மருந்தாக இருந்தால், பல மணி நேரத்துக்கான அளவு ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

1833இல் தோன்றிய ஞான வாக்கு என்ற விதியைப் பின்பற்றி மதுவையும் காபியையும் தேநீரையும் விலக்கும் மார்மன் சமயத்தார் சிலர் கஃபீனையே தவிர்க்கின்றனர். தலைவலிக்கான சில கூட்டு மாத்திரைகளில் பாரசிட்டமால் 250, ஆஸ்பிரின் 250, கஃபீன் 65 மி.கி. எனச் சேர்ந்திருக்கும். இவ்வாறு ஜெலட்டினையும் கஃபீனையும் தேடி அட்டையைப் படிப்பவருக்கு ஒரு நன்மை உண்டு: சளி மருந்திலும் காய்ச்சல் மருந்திலும் ஒளிந்திருக்கும் பாரசிட்டமால் அவர் கண்ணில் பட்டுவிடும். அறியாமல் நேரும் அளவு மீறல்களில் பல, ஒரே மருந்தை இரண்டு வணிகப் பெயர்களில் விழுங்குவதால் நேர்கின்றன.

இரத்தம் ஏற்றிக்கொள்வதை மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் அறுவை சிகிச்சைக்கு முன் தாம் எடுக்கும் ஒவ்வொரு வலி மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுவதும், அதாவது 7 முதல் 10 நாட்கள் வரை, செயலிழக்கச் செய்து இரத்தக் கசிவைக் கூட்டும். இதயத்துக்காக மருத்துவர் தந்த ஆஸ்பிரினை மட்டும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

பாரசிட்டமாலின் அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், உடலில் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதல் நாளில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நச்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டால்தான் முழுப் பலன் தரும் என்பதால், நோன்பு திறக்கும் வேளை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கறுத்த மலம், இரத்த வாந்தி, இடி விழுந்தாற்போலத் திடீரென வந்த கடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.