நரம்புப் பிடிப்பு இல்லை, மாத்திரையாக இருக்கலாம்: ஆன்டிபயாடிக்கும் குதிகால் வலியும்

சிறுநீர்த் தொற்றுக்கு ஏழு நாள் மாத்திரை சாப்பிட்டு முடித்தாயிற்று. எரிச்சல் போய்விட்டது, காய்ச்சலும் இல்லை. அடுத்த வாரம் ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது, குதிகாலுக்குப் பின்னால் சுருக்கென்று ஒரு வலி. நாலு அடி நடந்தால் கொஞ்சம் இளகுகிறது. மாடிப்படி ஏறினால் மறுபடி பிடிக்கிறது. செருப்பு சரியில்லை, வயதாகிறது, நேற்று அதிகம் நடந்துவிட்டேன் என்று காரணம் தேடுவோம். போன வாரம் விழுங்கிய மாத்திரை மட்டும் நினைவுக்கே வராது. இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

இதில் நம் பேச்சு வழக்குக்கும் ஒரு பங்கு உண்டு. 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது நரம்பு இல்லை, தசைநாண். தசையை எலும்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு. கணுக்காலுக்குப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக் கிள்ளிப் பாருங்கள், விறைப்பாக ஒன்று அகப்படும். கெண்டைக்காலின் முழு இழுவிசையையும் குதிகாலுக்குக் கொண்டுபோவது அதுதான். அக்கிலிஸ் நாண் என்பார்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் சேதப்படுத்தும் நாண்களில் மிகப் பெரும்பாலும் அடிபடுவது இது. தோள், கை, முழங்கால் நாண்களிலும் வரலாம். இரண்டு குதிகாலும் ஒன்றாக வலித்தால் மருந்தின் மேல் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். சுளுக்கு பொதுவாக ஒரு காலில்தான் வரும்.

எல்லா ஆன்டிபயாடிக்கும் இதைச் செய்வதில்லை. இது ஃபுளோரோகுயினோலோன் என்ற ஒரு குடும்பத்தின் குணம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் என்று பெயரின் வாலில் 'ஃப்ளாக்சசின்' ஒட்டிக்கொண்டிருக்கும். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகைகள் இந்தக் கணக்கில் வராது. அதனால் 'ஆன்டிபயாடிக் என்றாலே வேண்டாம்' என்று ஒதுங்குவதும் தவறுதான். அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஆஃப்ளாக்சசினோடு வேறொரு மருந்தையும் சேர்த்து வயிற்றுப்போக்குக்கென்று ஒரே மாத்திரையாகவும் வருகிறது. அதைச் சாப்பிட்டவருக்குத் தான் எந்தக் குடும்பத்து மருந்தைச் சாப்பிட்டோம் என்றே தெரிவதில்லை.

இது புதிதாகக் கிளம்பிய பயமும் இல்லை. நார்ஃப்ளாக்சசின் சாப்பிட்டவர்களுக்கு நாண் பாதிப்பு வந்ததாக மருத்துவ இதழில் 1983-லேயே செய்தி வந்துவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-ல் இந்த மருந்துகளின் குறிப்பேட்டில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போடச் சொன்னது. 2016-ல் இன்னும் ஒரு படி மேலே போய், சைனஸ் தொற்று, மூச்சுக்குழல் அழற்சி, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. பிரிட்டனில் 2024 ஜனவரியிலிருந்து, வழக்கமான மற்ற ஆன்டிபயாடிக்குகள் பொருந்தாத நிலையில்தான் இவற்றைத் தரவேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது.

நாண் ஏன் பலியாகிறது? பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனது அது. ரத்த ஓட்டம் குறைவு, பழுதுபார்க்கும் வேகமும் குறைவு. இந்த மருந்து கொலாஜனை அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது, புதிய கொலாஜன் உருவாவதையும் குறைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வலி, மருந்து தொடங்கிய இரண்டாம் நாளிலேயே வரலாம். முடித்துச் சில மாதங்கள் கழித்தும் வரலாம். 'மாத்திரையைத்தான் எப்போதோ நிறுத்திவிட்டேனே' என்பது அதனால் சமாதானம் ஆகாது.

மக்னீசியம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது குறைவதுதானே சிக்கல் என்று மருந்தோடு சேர்த்து மக்னீசிய மாத்திரையைப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மக்னீசியம், கால்சியம், இரும்பு, துத்தநாகம், அமில முறிவு மருந்து எதுவாக இருந்தாலும், ஒரே நேரத்தில் சாப்பிட்டால் வயிற்றிலேயே இந்த ஆன்டிபயாடிக்கோடு ஒட்டிக்கொண்டு அதை உடம்பில் ஏறவிடாது. நாணும் காப்பாற்றப்படாது, தொற்றும் ஆறாது.

சரி, வலி வந்துவிட்டது. ரொம்பப் பேர் செய்வது, எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்து, படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி இழுத்துவிடுவது. சாதாரண கெண்டைக்கால் பிடிப்புக்கு அது சுகமாக இருக்கும். இழை இழையாகப் பலவீனப்பட்டிருக்கும் நாணை இழுத்தால் அறுந்தே போகலாம். ஓட்டம், குதிப்பு, எடை தூக்குவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காலுக்கு ஓய்வு கொடுங்கள். பயிற்சி தேவைதான், ஆனால் அப்புறம். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லட்டும். வலி மாத்திரை போட்டு வலியை அமுக்கிவிட்டு வழக்கம்போல் நடப்பது அதைவிட மோசம். இப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகள் இந்த ஆன்டிபயாடிக்கோடு சேரும்போது வலிப்பு வரும் வாய்ப்பையும் கூட்டக்கூடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஸ்டீராய்டுதான். மூச்சிரைப்புக்கோ மூட்டு வாதத்துக்கோ பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நெஞ்சில் சளித் தொற்று வருகிறது, லெவோஃப்ளாக்சசின் எழுதப்படுகிறது. இரண்டும் சேர்ந்தால் நாண் அறுபடும் ஆபத்து வெகுவாகக் கூடும். இந்தச் சேர்க்கையைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்லி ஐரோப்பிய மருந்து முகமை 2018-ல் பரிந்துரைத்தது. வயது அறுபதைத் தாண்டியவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், முன்பே நாண் பிரச்சினை வந்தவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து அதிகம். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். அதேபோல், குதிகால் வலிக்கு நாணிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதிக்காதீர்கள்.

மருந்தை நிறுத்துவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபுளோரோகுயினோலோன் எடுக்கும்போது நாண் வலியோ வீக்கமோ வந்தால், அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். 'கோர்ஸை முடிக்காமல் விடக்கூடாது' என்ற பழைய பாடத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மீதி நாட்களையும் ஓட்ட வேண்டாம். அதற்காக, சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தால் தொற்று திரும்பும். வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்வதுதான் வழி. மருந்துக்கு அடங்காத காசநோய் போன்றவற்றில் இந்தக் குடும்பத்துக்கு மாற்று எளிதில் கிடைக்காது. அங்கே முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் எந்தத் தொல்லையும் இல்லாமல் இந்த மருந்தை எடுத்து முடிக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாண் அறுந்தால் எப்படித் தெரியும்? 'டப்' என்று ஒரு சத்தம், யாரோ பின்னாலிருந்து உதைத்தது போன்ற உணர்வு. திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. இங்கே ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. நாண் முழுதாக அறுந்திருந்தாலும், பக்கத்துத் தசைகளின் தயவில் பாதத்தை அசைக்க முடியும், மெதுவாக நடக்கவும் முடியும். 'அசைகிறதே, அப்போது ஒன்றுமில்லை' என்று நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். மருத்துவர் உங்களைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைக் கையால் அமுக்கிப் பார்ப்பார். நாண் முழுதாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும், அறுந்திருந்தால் அசையாமல் கிடக்கும். அறுந்த காலின் நுனிவிரல்களில் மட்டும் நிற்கவும் முடியாது. ஆனால் வலிக்கிற காலில் அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்காதீர்கள்.

ஒருமுறை இப்படி ஆனவருக்கு இந்தக் குடும்பத்தின் எந்த மருந்தையும் பிறகு கொடுப்பதில்லை. சிப்ரோஃப்ளாக்சசினில் வந்தது, லெவோஃப்ளாக்சசின் வேறு பெயர்தானே என்று நினைக்க இடமில்லை. மருந்தின் பெயர், எந்த மாதம், எந்தக் கால் என்று ஒரு சீட்டில் எழுதி மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். பல்வலிக்குப் போனாலும் அந்தக் கோப்பு கூடப் போகட்டும்.