குறைந்த செலவில் இரைச்சலில்லாத கேமிங் கணினி: பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கணினி இரைவது விசிறிகளால். விசிறிகள் விரைந்து சுழல்வது வெப்பத்தால். வெப்பம் உண்டாவது பாகங்கள் இழுக்கும் மின்சாரத்தால். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியிலிருந்து, அதாவது எத்தனை வாட் என்ற கேள்வியிலிருந்து தேர்வைத் தொடங்கினால், ‘சைலன்ட்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பொருள்களுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

விளையாடும்போது மிக அதிகமான மின்சாரத்தைச் செலவிடுவது திரைக்கான படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு என்பதால், முதலில் முடிவு செய்ய வேண்டியதும் அதுவே. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் மின் வரம்பு 170 வாட். அதற்கு அடுத்த தலைமுறையில் வந்த 4060 பெரும்பாலான விளையாட்டுகளில் அதைவிட வேகமாக இயங்கியும் 115 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஏறத்தாழ அதே வேகத்தைத் தரும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 கார்டுக்கு 165 வாட் தேவைப்படுகிறது. நினைவக அளவில் 3060-இன் 12 ஜிபிக்கு முன் 4060-இன் 8 ஜிபி பின்தங்கியே நிற்கிறது என்றாலும், அமைதியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அந்த 55 வாட் வேறுபாடு சிறியதன்று. விலைப்பட்டியலில் அருகருகே இருக்கும் இரண்டு கார்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்துக்கு அடுத்தபடியாக இந்த எண்ணையே பார்க்க வேண்டும்.

கார்டின் மையமான ஒரே சிப்பைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு கூலர்களுடன் (குளிர்விக்கும் அமைப்புகளுடன்) விற்பதால், எந்தச் சிப் என்பதோடு எந்தக் கூலர் என்பதும் முக்கியம். ஒற்றை விசிறி கொண்ட குட்டைக் கார்டுகளையும், காற்றைப் பின்புறத் துளை வழியாக ஊதித்தள்ளும் புளோயர் வகையையும் தவிர்த்துவிடலாம். 115 வாட் சிப்புக்கு, கார்டின் முழு நீளத்துக்கும் பரவிய ஹீட்சிங்க்கும் (வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பும் உலோகத் தகடுகளும்) இரண்டு விசிறிகளும் இருந்தால் போதுமானது. மூன்றாவது விசிறி பெரும்பாலும் தோற்றத்துக்குத்தான். சுமை குறைவாக இருக்கும்போது விசிறிகள் முற்றிலும் நின்றுவிடும் வசதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய கார்டு வாங்குவோர், விசிறியின் பேரிங் தேய்ந்து கரகரக்கிறதா என்று காதால் கேட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

இங்கே இரைச்சலின் கணக்கைச் சற்று விளக்கிவிடுவது பின்னால் பணத்தை மிச்சப்படுத்தும். சம அளவில் இரையும் இரண்டு விசிறிகள் சேர்ந்தால் டெசிபெல் இரட்டிப்பாவதில்லை. 3 மட்டுமே கூடுகிறது. மனிதக் காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் உயர வேண்டும். மறுபக்கம், ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்றும் பாதியாகிறது, ஆனால் இரைச்சல் தோராயமாக 15 டெசிபெல் இறங்குகிறது. எனவே ஒரு விசிறி முழு வேகத்தில் செய்யும் வேலையை இரண்டு விசிறிகள் அரை வேகத்தில் செய்தால், ஏறக்குறைய அதே காற்றோட்டம் 12 டெசிபெல் குறைந்த இரைச்சலில் கிடைத்துவிடும். விலையுயர்ந்த ஒரே விசிறியைவிட நடுத்தர விலையில் இரண்டு விசிறிகள் நல்லவை என்று நான் சொல்வது இதனால்தான். இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது: உரத்து இரையும் பாகம் ஒன்று இருக்கும்வரை மற்றவற்றை அமைதிப்படுத்துவதில் பயனில்லை.

பிராசஸரைப் பொறுத்தவரை 65 வாட் வகையே போதும். ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசஸருக்கும், 105 வாட் என்று குறிக்கப்பட்ட 7600எக்ஸ்-க்கும் விளையாட்டில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. அந்தச் சிறு வேறுபாட்டுக்காக விலையையும் வெப்பத்தையும் சேர்த்து வாங்குவதில் பொருளில்லை. பிராசஸருடன் பெட்டியில் வரும் சிறிய கூலர் வேலையைச் செய்துவிடும், ஆனால் சுமை ஏறியவுடன் கீச்சிடத் தொடங்கும். நான்கு வெப்பக்குழாய்களும் ஒரு 120 மி.மீ. விசிறியும் கொண்ட கோபுர வடிவக் கூலருக்குச் செலவிடும் தொகை அளவுக்குப் பலன் தரும் வேறு செலவு இந்தக் கணினியில் இல்லை. இத்தகைய கூலர்கள் பெரும்பாலும் 150 மி.மீ.க்கு மேல் உயரமுள்ளவை என்பதால், கேபினெட் (கணினியின் வெளிப்பெட்டி) அனுமதிக்கும் உயரத்தை முன்கூட்டியே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். திரவக் கூலர் இந்த அளவு வெப்பத்துக்குத் தேவையற்றது; அதன் பம்ப் தன் பங்குக்கு ஓர் ஓசையைச் சேர்க்கவும் செய்யும்.

கேபினெட் வாங்கும்போது, பஞ்சு ஒட்டி முன்பக்கத்தை மூடிய வகையா, வலைத்தடுப்பு வைத்துத் திறந்த வகையா என்ற கேள்வி எழும். செலவு குறுகியதாக இருந்தால் வலை முகப்பையே தேர்ந்தெடுங்கள். மூடிய முகப்பு ஓசையை ஓரளவு தடுத்தாலும், காற்று நுழையும் வழி குறுகிவிடுவதால் உள்ளிருக்கும் விசிறிகள் அனைத்தும் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டியதாகிறது. முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்று மூன்று விசிறிகள் போதும். மலிவான கேபினெட்டுகளில் வண்ண விளக்குகளோடு வரும் விசிறிகளின் இணைப்பு முனையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது மதர்போர்டில் செருகும் மூன்று அல்லது நான்கு ஊசி முனையாக இல்லாமல், பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக 12 வோல்ட் எடுக்கும் பெரிய முனையாக இருந்தால், அந்த விசிறி எந்நேரமும் முழு வேகத்தில்தான் ஓடும். விளக்குகள் அழகாகத்தான் இருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் காணப்படும் 80 பிளஸ் முத்திரை, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைக் குறிக்கிறதே தவிர, இரைச்சலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இரைச்சலைத் தனியாக அளந்து தரம் பிரிப்பது சைபனெடிக்ஸ் அமைப்பு. மேலே சொன்ன பாகங்களைக் கொண்ட கணினி விளையாட்டின்போதும் 300 வாட்டைத் தாண்டுவது அரிது என்பதால், தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ் பாதிச் சுமையிலேயே, விசிறி மெதுவாகச் சுழலும் நிலையிலேயே இயங்கும்.

சேமிப்பகத்துக்கு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி மட்டும் போதும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 அதிர்வுகளை உலோகச் சட்டத்துக்குக் கடத்தி, கேபினெட் முழுவதையும் முனகவைக்கும். மதர்போர்டில் குறைந்தது மூன்று விசிறி இணைப்புகளும், அவற்றின் வேகத்தை பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரையில்) தனித்தனியே மாற்றும் வசதியும் இருக்க வேண்டும். பழைய பாகங்களைத் தேடுவோர் 2019-இல் வந்த எக்ஸ்570 மதர்போர்டுகளைத் தவிர்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவற்றின் சிப்செட் (பாகங்களை இணைக்கும் துணைச் சிப்) மீது ஒரு குட்டி விசிறி இருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த பி550 போர்டுகளுக்கு அது தேவைப்படவில்லை.

பாகங்களைப் பொருத்திய பிறகு, காசு செலவில்லாத வேலை மிச்சமிருக்கிறது. திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் விளையாட்டின் ஃபிரேம் வரம்பை, அதாவது நொடிக்கு உருவாக்கும் படங்களின் எண்ணிக்கையை, 60-இல் நிறுத்திவிடுங்கள். திரை காட்ட முடியாத ஃபிரேம்களை உருவாக்குவதற்காகக் கார்டு சூடாவது வீண். அடுத்து கார்டின் மின் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் அதே விகிதத்தில் குறைவதில்லை. பயாஸில் பிராசஸர் விசிறியை 60 டிகிரி வரை நிமிடத்துக்குச் சுமார் 700 சுழற்சியிலும், 75 டிகிரியில் 1,000 சுழற்சியிலும் வைத்து, வேகம் ஏறுவதற்குச் சில நொடித் தாமதத்தையும் கொடுத்துவிட்டால், ஒரு நிரலைத் திறக்கும்போதெல்லாம் விசிறி சீறி அடங்கும் தொல்லை நின்றுவிடும். ஒரே அளவில் நீடிக்கும் மெல்லிய ஓசையைக் காது விரைவில் மறந்துவிடும். ஏறி இறங்கும் ஓசையை மறக்காது.

விசிறிகள் அனைத்தும் அடங்கிய பிறகும் கார்டிலிருந்தோ எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தோ மெல்லிய ரீங்காரம் கேட்டால், அது உள்ளிருக்கும் கம்பிச்சுருள்கள் மின்னோட்டத்தில் அதிர்வதால் எழுவது. விளையாட்டின் தொடக்கப் பட்டியலில் ஃபிரேம்கள் நூற்றுக்கணக்கில் எகிறும்போது அது மிகத் தெளிவாகக் கேட்கும். ஃபிரேம் வரம்பு அதைக் குறைக்கும், ஆனால் எப்போதும் முழுமையாக நீக்காது. ஒரே மாதிரிக் கார்டுகளுக்குள்ளேயே இது மாறுபடுவதால் மதிப்புரைகளை நம்ப முடியாது. வாங்கிய முதல் சில நாள்களுக்குள் வரம்பில்லாமல் ஒரு விளையாட்டை ஓடவிட்டுக் கேட்டு, திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.