உங்கள் விளையாட்டில் தமிழ் எழுத்து உடையாமல் வர

என் விளையாட்டின் முதல் வசனம் ஒரே ஒரு சொல். குகை வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவி, விளக்கோடு வரும் சிறுமியைப் பார்த்து "போகாதே" என்பாள். கதையே அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது திரையில் ஒரு ப, அதற்குப் பின்னால் இரட்டைக்கொம்பு, ஒரு கால், அப்புறம் கா, த, கடைசியில் அநாதையாக இன்னொரு இரட்டைக்கொம்பு. எழுத்துரு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து நான்கைந்து எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே உடைசல்தான்.

கோளாறு எழுத்துருவில் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் உண்டு. அதில் "தே" என்று ஓர் எழுத்து கிடையாது. த ஒன்று, ஏகாரக் குறி ஒன்று, இந்த இரண்டும் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது, "கு"வுக்கு உரிய வடிவத்தை எடுத்துக் கொடுப்பது எல்லாம் ஷேப்பிங் என்ற தனி வேலை. ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பு அதைச் செய்கிறது. விளையாட்டை உருவாக்கி ஓட்டும் மென்பொருளான உங்கள் கேம் இன்ஜினில் அது இருக்கிறதா என்பதை எழுத்துரு தேடும் முன்பே பார்த்துவிடுங்கள். கோடோ 4 என்ற இன்ஜினில் அது உள்ளேயே இருக்கிறது, நான் அதற்கு மாறிவிட்டேன். இன்ஜின் இல்லாமல், எஸ்டிஎல் என்ற நிரல் நூலகத்தை வைத்து நீங்களே எழுதுகிறீர்கள் என்றால், அதன் எழுத்துரு நூலகம் ஹார்ஃப்பஸ் சேர்த்துத் தொகுக்கப்பட்டதா என்று சரிபாருங்கள்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவைப் போட்டால் ஷேப்பிங் இல்லாமலே வேலை முடியுமே என்று தோன்றும். முடியும்தான். ஆனால் வசனக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு வசனத்தைத் தேடித் திருத்தவே முடியாது. வேண்டாம்.

எழுத்துருவைப் பாத்திரத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எதற்கும் பொருந்தும். தலைப்புக்கு உருண்டு திரண்ட பலூ தம்பி அழகாக இருக்கும். கிழவியின் வசனத்துக்கு நான் வைத்திருப்பது கவிவனார், கையால் சாய்த்து எழுதியது போலவே இருக்கும். மூன்றுமே எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை. விலைக்கு விற்கும் விளையாட்டிலும் சேர்க்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. உரிமக் கோப்பையும் கூடவே வையுங்கள்.

கோடோவில் எழுத்துருக் கோப்பைத் திட்டக் கோப்புறைக்குள் போட்டு, ஒரு தீம் (தோற்ற அமைப்புக் கோப்பு) உருவாக்கி, அதன் இயல்பு எழுத்துருவாக வைத்து, அந்தத் தீமைத் திட்ட அமைப்பில் சேர்த்தால் திரையில் எழுத்து காட்டும் எல்லா லேபிளுக்கும் போய்ச்சேரும். உடனே "ஞூ ணீ டூ ஸ்ரீ கௌ" என்று அடித்துப் பாருங்கள். மேலே சுழியோ கீழே வாலோ பெட்டியின் விளிம்பில் வெட்டுப்பட்டால் வரி உயரத்தைக் கூட்டுங்கள். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ் அடங்குவது அபூர்வம்.

அடுத்து, வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும் காட்சி. திரையில் தெரியும் குறியீடுகளின் எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கூட்டினால் "தமிழ்" எப்படி வரும் தெரியுமா? த, தம, தமி, தமிழ, தமிழ். மூன்று எழுத்துச் சொல்லுக்கு ஐந்து படி. புள்ளியும் சுழியும் தாமதமாக வந்து ஒட்டிக்கொள்வது கண்ணை உறுத்தும். இதற்கு வழி எளிது. வசனத்தை முன்கூட்டியே எழுத்தெழுத்தாகப் பிரித்துவிடுங்கள். ஒரு குறியீட்டின் எண் 3006 முதல் 3021 வரை இருந்தாலோ, 3031 ஆக இருந்தாலோ அது தனி எழுத்து அல்ல, முந்தைய எழுத்தின் ஒட்டு. அப்படிச் சேர்த்துக்கொண்டு போனால் "தமிழ்" என்ற சொல்லில் நிற்க வேண்டிய இடங்கள் 1, 3, 5 என்று கிடைக்கும். எண்ணிக்கையை அந்த இடங்களுக்கு மட்டும் நகர்த்துங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டும் இந்த விதியில் இரண்டாக உடையும், அவற்றுக்குத் தனி விதி போட வேண்டும். கிழவி இப்போது போ, கா, தே என்று நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பிக்சல் விளையாட்டு என்றால் எழுத்தை நீங்களே வரையலாம். இந்த வேலையை மனதார ரசித்துச் செய்தேன். 247 எழுத்தையும் வரைய வேண்டாம். ஒவ்வொரு மெய்க்கும் க, க், கி, கீ, கு, கூ என ஆறு வடிவம், 18 மெய்க்கு 108. உயிர் 12, ஆய்தம் 1, அப்புறம் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என 4. மொத்தம் 125 படம். ஔகாரக் குறியின் பின்பாதிக்கு ள படமே போதும். ஜ, ஷ, ஸ, ஹ சேர்த்தால் இன்னும் 24. "கொ" வரும்போது கொம்பு, க, கால் என்று வரிசையாக ஒட்டினால் முடிந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: "கொ" சில கோப்புகளில் இரண்டு குறியீடாகவும் சிலவற்றில் கொம்பும் காலும் பிரிந்து மூன்றாகவும் இருக்கும். படம் தேடும் முன் 3014, 3006 என்ற ஜோடியை 3018 ஆகவும், 3015, 3006 என்ற ஜோடியை 3019 ஆகவும் மாற்றிவிடுங்கள்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஆங்கிலம் அடங்கும், ண அடங்காது. மூன்று சுழியும் ஒன்றோடொன்று ஒட்டி ன மாதிரியே தெரியும். என் முதல் வரைவில் "மணம்" எது "மனம்" எது என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு பிக்சலாவது வெற்றிடம் வேண்டும். உடலுக்கு 10 பிக்சல் உயரம், மேலே 4, கீழே 4 விட்டு, அகலத்தை எழுத்துக்கு எழுத்து மாறவிட்டேன். ண மட்டும் 15 பிக்சல் எடுத்துக்கொண்டது. ர ஆறிலேயே அடங்கியது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுத்தால் வரி பல் விழுந்த வாய் போலாகிவிடும்.

விளையாட்டை மற்றவர் ஆடும் வடிவில் ஏற்றுமதி செய்யும் முன், கோடோவில் எழுத்துருவின் இறக்குமதி அமைப்பில் சிஸ்டம் எழுத்துருவைக் கடன் வாங்கும் வசதியை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதும் ஆடிப் பாருங்கள். உங்கள் கணினியில் வேறொரு தமிழ் எழுத்துரு இருப்பதால், உங்கள் எழுத்துருவில் விட்டுப்போன எழுத்து உங்கள் கண்ணுக்குப் படாது. பிரவுசரில் ஓடும்போது அந்தக் கடன் கிடைக்காது. அங்கே கிழவியின் வாயிலிருந்து வெறும் கட்டங்கள்தான் வரும்.